நாற்பத்தொரு பேர் பார்க்க இரண்டு இட்லி

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே ஒரு மோட்டார் பம்பு கடை இருக்கிறது. கடையின் மாடியில் ஓர் அறை, அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை. ‘மன அழுத்தத்தால் அதிகம் சாப்பிடுகிறீர்களா? மாடிக்கு வாருங்கள். ஹாரிகா, உணவு ஆலோசகர்’ என்று அதில் எழுதியிருக்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேறு வேலையில்லாமல் அதை இரண்டு முறை படிப்பார்கள். படித்து முடித்ததும் பக்கத்து பேக்கரியில் நுழைந்து டீயும் தேங்காய் பன்னும் சொல்வார்கள். பலகை மாட்டிய பிறகு பேக்கரிக்காரருக்கு வியாபாரம் கூடியிருக்கிறது என்பது ஹாரிகாவின் நெடுநாள் சந்தேகம்.

கொங்கு நாட்டில் இந்தத் தொழிலை ஆரம்பிக்க ஒருத்திக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். கவலையால் சாப்பிடுகிறேன் என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வைத்தார்கள், சாப்பிட்டேன் என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் தண்ணீர்ச் செம்பு வருவதற்கு முன்னால் ‘சாப்பிடறீங்களா’ வந்துவிடும். வேண்டாம் என்றால் வீட்டுக்கார அம்மாவின் முகம் சுண்டிப்போகும். அந்தச் சுண்டின முகத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் வீடுகளில் ஆறு மாதம் பேச்சு நடக்கும். ஹாரிகாவின் படிவத்தில் முதல் கேள்வி, ‘கடைசியாக அளவுக்கு மீறிச் சாப்பிட்டபோது உங்கள் மனநிலை என்ன?’ என்பது. பத்துப் பேரில் எட்டுப் பேர் அதற்கு எதிரே ‘கிடா விருந்து’ என்று எழுதினார்கள்.

ஹாரிகாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. மனசு சரியில்லாமல் தின்பது என்றால் என்ன என்பதை அவள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை, பிறந்த வீட்டில் கற்றாள். அப்பா நரசிம்மலு ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. சொந்தத்தில் பாதிப் பேர் மில் முதலாளிகள். அந்தச் சொந்தத்தின் கல்யாணங்களுக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, மூன்று வகை இனிப்போடு இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு குடும்பமாக வீட்டுக்கு வருவார்கள். அம்மா பங்காரம்மா சம்புடத்தைத் திறந்து மிக்சரை நடுவில் வைப்பாள். சுற்றி உட்கார்ந்து கடைசிப் பொட்டுக்கடலை வரை தின்றுவிட்டுப் படுப்பார்கள். கல்யாணத்தில் எத்தனை பேர் அவர்களைக் கண்டும் காணாமல் போனார்கள் என்பதைக் காலியான சம்புடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஹாரிகா மனையியல் படித்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் எட்டு வருடம் தட்டுகளின் மேல் ‘உப்பு இல்லை’ என்று சீட்டு ஒட்டினாள். சீட்டு ஒட்டிய தட்டு வார்டுக்குள் போன அடுத்த நிமிடம், கூட இருக்கும் உறவுக்காரர்கள் டிபன் கேரியரைத் திறந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து அதன் மேல் வைப்பார்கள். எட்டு வருடம் பொறுத்துவிட்டு வேலையை விட்டாள். ஆன்லைனில் மூன்று மாத வகுப்பு ஒன்றை முடித்து, சான்றிதழை லேமினேட் செய்து மாட்டி, கணவன் ரவிதேஜாவின் கடை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த அறை அதுவரை பம்புகளின் குடோனாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கென்று வாய்த்த முதல் அறை அதுதான்.

ரவிதேஜா கெட்டவன் இல்லை. பம்பைத் தவிர எதையும் நம்பாதவன், அவ்வளவுதான். ஒரு வருடம் பார்த்தான். மாடி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்கத்தான் ஏறுகிறார்கள் என்று தெரிந்ததும், ஆடி மாதத்தில் ஒரு பேச்சு வைத்தான். அவனுடைய பெரிய வாடிக்கையாளர் பாலுசாமி, மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம். அவர் மனைவி ராசாத்தாளுக்கு மூன்று மாதச் சராசரிச் சுகர் ஒன்பதரை. இனியும் குறையவில்லையென்றால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அந்தம்மாவுக்கு எட்டுக்குக் கீழ எறக்கிக் காட்டு, ரூம் உனக்கு. இல்லீன்னா மாசில சீசன் சரக்கு வருது, மேலதான் ஏத்தோணும்” என்றான் ரவிதேஜா.

ஹாரிகா சம்மதித்தாள். அன்றிலிருந்து அவளுடைய அறை ராசாத்தாளின் ரத்தத்தில் இருந்தது.

ராசாத்தாள் முதல்முறை வந்தபோது கூடவே ஆறு பேர் வந்தார்கள். பாலுசாமி, மகன் மதன்குமார், மருமகள் வர்ஷினி, பாலுசாமியின் தம்பிகள் இரண்டு பேர், வர்ஷினியின் அப்பாவான சம்பந்தி. இந்தப் பக்கத்தில் உடம்புக்கு ஆகாதவரைத் தனியாக அனுப்பினால் கவனிப்பில்லை என்று அர்த்தம். கீழே கடையிலிருந்து ஸ்டூல்கள் வந்தன. தம்பிகள் இரண்டு பேரும் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். சாப்பிடத் தோன்றும்போது மனசு எப்படி இருக்கும் என்று ஹாரிகா ராசாத்தாளைக் கேட்டாள். பாலுசாமி பதில் சொன்னார். என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு மதன்குமார் சொன்னான். எப்போதெல்லாம் சாப்பிடுகிறார் என்பதை வர்ஷினி செல்போனில் அட்டவணையாகவே வைத்திருந்தாள். கருஞ்சீரகப் பொடியை வெறும் வயிற்றில் போட்டால் எதுவும் தேவைப்படாது என்று சம்பந்தி ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது ராசாத்தாள் நடுவில் கைப்பையை மடியில் வைத்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் முடித்த பிறகு வாயைத் திறந்து, ஹாரிகா சாப்பிட்டாளா என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஹாரிகாவுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. அவள் வாழ்க்கையிலேயே மோசமான யோசனை அது. ஆன்லைன் வகுப்பின் நான்காவது பாடம், குடும்பத்தின் ஆதரவு. ஐந்தாவது பாடம், மனசு டைரி. அதாவது ஒவ்வொரு வேளையும் தட்டில் என்ன இருக்கிறது, மனசில் என்ன இருக்கிறது என்று எழுதிவைப்பது. வகுப்பு எடுத்தவர் எந்த நாட்டுக்காரரோ, இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னார். ஹாரிகா இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டாள். ‘ராசாத்தாளம்மா ஆரோக்கியக் குடும்பம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தட்டின் போட்டோவையும் மனசின் நிலையையும் அதில் போடச் சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டாத குறை. எட்டுப் பேரில் தொடங்கிய குரூப் ஒரே வாரத்தில் நாற்பத்தொன்று ஆனது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், சம்பந்தி வீட்டு ஜனம், மண்டியின் கணக்குப்பிள்ளை, துபாயிலிருந்து யாருக்கும் அடையாளம் தெரியாத ஒருவர்.

காலை எட்டு மணிக்கு போட்டோ வரும். தட்டில் இரண்டு இட்லி, ஓரமாகக் கொஞ்சம் சட்னி. கூடவே ராசாத்தாளின் குரல்: “மனசு நல்லா இருக்குதுங்க. ரெண்டு இட்லிங்க.” நாற்பது பேரும் கட்டை விரலைத் தூக்குவார்கள். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, பொரியல், மனசு நல்லா இருக்குதுங்க. ராத்திரி ஒரு சப்பாத்தி, மனசு நல்லா இருக்குதுங்க. ஒருநாள், பெரியம்மா செத்துப்போன வீட்டில் இருப்பதாகவும் காப்பித்தண்ணி மட்டும் குடித்ததாகவும் மனசு நல்லா இருப்பதாகவும் குரல் வந்தது. அதற்கும் கட்டை விரல்கள் தூக்கப்பட்டன.

ஐப்பசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பதரை பத்தாகியிருந்தது. எடையும் நான்கு கிலோ ஏறியிருந்தது. இரண்டு இட்லியில் நான்கு கிலோ ஏறுவது எப்படி என்று ஹாரிகா உட்கார்ந்து போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது பக்க இட்லியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதற்கு முந்தின நாள் இட்லியிலும் அதே இடத்தில் அதே பள்ளம். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். பதினோரு நாளாக அந்தக் குடும்பம் ஒரே இட்லிக்குக் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டிருந்தது. முதல் பார்வையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டியவள் இவள். தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் மறுபடி வரப்போகிறது. ரவிதேஜா வேறு கீழே உட்கார்ந்து மாடி அறையின் நீள அகலத்தைப் பேப்பரில் குறித்துக்கொண்டிருந்தான்.

ஹாரிகா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காந்திபுரத்துக்குப் போனாள்.

அங்கே துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் காளான் வண்டி நிற்கும். கோயமுத்தூர்க் காளானில் காளான் பேருக்குத்தான். முட்டைக்கோஸையும் மாவையும் எண்ணெயில் பொரித்து, கல்லில் போட்டு நொறுக்கி, சிவப்புச் சாற்றில் முக்கி, மேலே பச்சை வெங்காயம் தூவித் தருவார்கள். ஹாரிகா படிவங்களில் சிவப்பு மையால் அடிக்கும் அத்தனையும் அந்த ஒரே தட்டில் இருக்கும். துடியலூரில் தின்றால் ஊர் பார்க்கும் என்று அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வருவாள். ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள். கண்ணாடியை மட்டும் மேலே தள்ளி, துப்பட்டாவை இறக்கி, ஸ்பூனை உள்ளே விடுவாள். வண்டிக்காரர் அவளை ஏதோ கோர்ட் கேஸில் மாட்டியவள் என்று நினைத்திருந்தார்.

இரண்டாவது தட்டின் நடுவில் யாரோ தன்னைப் பார்ப்பது போலிருந்தது. வண்டியின் அந்தப் பக்கம் ஸ்டூலில் ஓர் அம்மா, மடியில் கைப்பை, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மூன்று காலித் தட்டுகள். ராசாத்தாள்.

ஓடலாமா என்று ஹாரிகா பார்த்தாள். ராசாத்தாள் அசையவில்லை.

“ஏனுங்க அம்மணி, அந்த ஹெல்மெட்டக் கழட்டிப்போட்டுச் சாப்புடுங்க. வேர்த்துக் கொட்டுதில்லீங்க” என்றார்.

சொல்லிவிட்டு, கேட்காமலேயே ஹாரிகாவுக்கு இன்னொரு தட்டும் சொன்னார். எதிரில் நிற்பவரைத் தன் செலவில் சாப்பிட வைக்காமல் விடுவது அவருக்கு முடியாத காரியம், அது தன் உணவு ஆலோசகராகவே இருந்தாலும்.

கோனியம்மன் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, வாரத்தில் இரண்டு நாள், முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வருகிறாராம். இருபத்தெட்டு வருடம் பாக்குக் களத்தை நடத்தியவர் அவர். வாங்குவது விற்பது பாலுசாமி. உரிப்பது, வேகவைப்பது, காயவைப்பது, தரம் பிரிப்பது எல்லாம் ராசாத்தாள். பாக்கைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தே எத்தனை நாள் வெயில் பட்டது என்று சொல்லிவிடுவாராம். மகன் பொறுப்பேற்றதும், அம்மா பாடுபட்டது போதும் என்று எல்லோரும் சேர்ந்து அன்பாக அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஏ.சி. போட்ட ரூம், பெரிய டிவி, காலுக்கு மெத்தை. அவரிடம் இப்போது வீட்டில் யாரும் பேசுகிற ஒரே விஷயம், என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான்.

“நாப்பது பொம்பளைங்களோட நாள் முச்சூடும் சண்டை போட்டுட்டு இருந்தவளுங்க நானு. இப்ப என்ர கூட ஆரும் சண்டைகூடப் போடறதில்லீங்க” என்றார் ராசாத்தாள்.

இதை ஏன் டைரியில் சொல்லவில்லை என்று ஹாரிகா கேட்டாள்.

“நாப்பத்தோரு பேத்துக்கு முன்னால, என்ர ஊட்டுல எனக்கு மனசு சரியில்லைன்னு எப்படிங்க அம்மணி சொல்லறது? சம்பந்தி ஊட்டுக்காரங்களும் அதுலதான இருக்கறாங்க.”

ஹாரிகாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மா மனசில் உள்ளதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று வந்தார். இவள் கல்யாண மண்டபம் நிறைய ஆளைக் கூட்டி, நடுவில் மைக்கை நீட்டியிருக்கிறாள். மூன்றாவது தட்டையும் முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். ராசாத்தாளிடம் அதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படி ஒரு பாடம் வகுப்பில் இல்லை. எத்தனையானாலும் மூன்று மாத வகுப்புதானே.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு பேர், அதே ஸ்டூல்கள். ஹாரிகா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் குறைக்க வேண்டியது இட்லியை இல்லை, ஓய்வை என்றாள். களத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றாள். அறையில் யாரும் கோபப்படவில்லை. இவர்கள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வர்ஷினி இனிமையான குரலில், இந்த வயதில் மாமியாரை வேலை வாங்குகிறார்கள் என்று ஊர் பேசாதா என்று கேட்டாள். பாலுசாமி செருமினார். மதன்குமார் அம்மா பக்கம் திரும்பி, அவருக்கு ஏதாவது குறை வைத்திருக்கிறோமா என்று கேட்டான். ஆறு பேரும் ராசாத்தாளைப் பார்த்தார்கள்.

“எனக்கென்னுங்க குறை. ராணியாட்ட வெச்சிருக்கறாங்க” என்றார் ராசாத்தாள்.

ஹாரிகா பின்வாங்கியிருக்கலாம். ஆனால் அறை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், தான் சொல்வது உண்மை என்ற திமிர் ஒரு பக்கம். காந்திபுரத்தில் பார்த்ததைச் சொல்லிவிட்டாள். காளான் வண்டி, வாரம் இரண்டு நாள், அடுக்கிய தட்டுகள் எல்லாவற்றையும் சொன்னாள். ராசாத்தாள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. முழங்கால் வலியை வைத்துக்கொண்டு தான் காந்திபுரத்துக்கு எங்கே போவது என்று எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார். பிறகு ஹாரிகா பக்கம் திரும்பினார். குரலில் பிரியம் குறையவில்லை.

“நீங்க அங்க எதுக்குங்க அம்மணி போனீங்க?”

ஆறு பேரும் இப்போது ஹாரிகாவைப் பார்த்தார்கள். சுவரில் லேமினேட் செய்த சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது.

“காளான் சாப்புடங்க” என்றாள் ஹாரிகா.

சம்பந்தி மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொங்குக்காரர்கள் இனி வர மாட்டோம் என்று யாரிடமும் சொல்வதில்லை. “வாரோமுங்க” என்றுதான் சொல்வார்கள். ஆறு பேரும் தனித்தனியாக அதைச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்கள். சாயங்காலம் குரூப்பில் ‘மேடத்துக்கு நன்றிங்க’ என்று கூப்பிய கைகளோடு ஒரு செய்தி வந்தது. அடுத்த நிமிடம் ஹாரிகா குரூப்பிலிருந்து நீக்கப்பட்டாள். விஷயம் நாற்பது பேர் மூலமாக நானூறு பேருக்குப் போனது. அடுத்த வாரத்தில் புதிதாக இரண்டு பேர் போன் செய்தார்கள். இரண்டு பேரும் கேட்டது, அந்தக் காளான் வண்டி எந்தச் சந்தில் என்று.

ரவிதேஜா மாசி வரை காத்திருக்கவில்லை. இரண்டே இரண்டு பம்பு, ஓரமாக வைத்துக்கொள்கிறேன் என்றான். பத்து நாளில் அது பதினான்கு ஆனது. ஹாரிகாவின் மேசை ஜன்னல் பக்கம் தள்ளப்பட்டது. அவள் அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. ராசாத்தாளை நினைத்தால்தான் அவளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அதாவது வழக்கமான அளவுக்கு மேல் இறங்கவில்லை. அந்த அம்மா நம்பிச் சொன்னதைத் தன் அறையைக் காப்பாற்றிக்கொள்ள ஆறு பேர் நடுவில் கொட்டிவிட்டோமே என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் மதன்குமார் வந்தான். காரைப் பெட்ரோல் பங்க் பக்கம் நிறுத்திவிட்டு, பின்னாலும் முன்னாலும் பார்த்துக்கொண்டு, தனியாகப் படியேறி வந்தான். துணைக்கு ஆள் இல்லாமல் ஆலோசனைக்கு வந்த முதல் ஆள் அவன். உட்கார ஸ்டூல் இல்லாமல் ஒரு பம்பு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். சட்டைப் பொத்தான்கள் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றன. பார்க்க வந்தது யாருக்குமே தெரியக் கூடாது என்று மூன்று முறை சொன்னான்.

களத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் காரமடையில் வண்டியை நிறுத்துகிறானாம். அரைக் கிலோ மிக்சர், நான்கு தேங்காய் பன். காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தின்றுவிட்டு, காகிதத்தை எல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வீட்டில் போய் வர்ஷினி எதிரில் சாலட் சாப்பிடுகிறான். களத்தில் நாற்பது பெண்களும் அவன் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள். சரியாகக் காயாத பாக்கு லாரியோடு திரும்பி வந்திருக்கிறது. எது காய்ந்தது, எது காயவில்லை என்று அவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியாது.

அம்மாவிடம் கேட்கலாமே என்றாள் ஹாரிகா.

“எப்படிங்க மேடம் கேக்கறது? ரெஸ்ட் எடுங்கன்னு அம்மாகிட்டச் சொன்னதே நான்தானுங்க” என்றான் மதன்குமார். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். “இதெல்லாம் தெரிஞ்சா அம்மாவுக்கு ஸ்ட்ரெஸ் ஆயிருமுங்க.”

அம்மா கோயிலுக்கு பஸ்ஸில் போவதைக்கூட நிறுத்தி, டிரைவரோடு கார் கொடுத்துவிட்டதாகவும், இப்போது அம்மா எங்கேயுமே போவதில்லை என்றும் சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான். ஹாரிகாவுக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாவுக்கு மிச்சமிருந்த இரண்டு பஸ் பயணத்தையும் பிடுங்கியது இவள்தான்.

பம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அந்த வளர்ந்த மனிதனைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரே வீட்டில் அம்மா ஒரு பக்கம் ஒளிந்து தின்கிறார், மகன் ஒரு பக்கம் ஒளிந்து தின்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வருத்தப்பட வைக்கக் கூடாது என்ற மரியாதையில் வீங்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இந்த முறை ஹாரிகா அதை விழுங்கினாள். இந்த ஜனத்திடம் உண்மையைச் சொன்னால் எழுந்து ‘வாரோமுங்க’ என்பார்கள். ஆனால் டாக்டர் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தால் மீற மாட்டார்கள். ஒரு தாளை எடுத்தாள்.

“நாளையிலிருந்து உங்களுக்கு மத்தியானச் சோறு களத்துலதானுங்க. அம்மா சமைச்சு, அம்மா கையிலயே கொண்டுவரோணும். டிரைவர்கிட்டக் குடுத்தனுப்பக் கூடாது. நீங்க சாப்புட்டு முடிக்கற வரைக்கும் அவுங்க அங்க உக்காந்து அளவு பாக்கோணும். ஒரு நாளும் தவறக் கூடாதுங்க” என்றாள்.

அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று மதன்குமார் கேட்டான். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், அவருக்காக என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடி பின்னாலும் முன்னாலும் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். யார் எழுதியது என்று அவன் எப்படிச் சமாளித்தானோ, அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் படித்திருப்பார்கள். மகன் உடம்புக்காகத் தாய் சோறு கொண்டுபோவதை ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாசி பிறந்தது. ரவிதேஜா மேசையையும் எடுத்துவிடலாமா என்று ஜாடையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் அடித்தது. எடுத்ததும் காதைப் பிளக்கும் இரைச்சல். பத்து இருபது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரோ ஒருத்தி அழுதாள், அத்தனைக்கும் மேலே ராசாத்தாளின் குரல், அந்தப் பாக்கை எடுத்து மறுபடி வெயிலில் போடச் சொல்லி யாரையோ கிழித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலில் மருந்துக்கும் மரியாதை இல்லை. ஹாரிகா கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஏனுங்க அம்மணி, எனக்குப் பேச நேரமில்லீங்க. சுகரு ஏழே முக்கால். சம்பந்தி குடுத்த கருஞ்சீரகப் பொடிலதான் கொறைஞ்சுதுன்னு எல்லாருஞ் சொல்றாங்க, நானும் ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்” என்றார் ராசாத்தாள். இரைச்சலிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்திருக்க வேண்டும், குரல் இறங்கியது. “பையன் எளைச்சுப்போயிட்டானுங்க. அதுக்காக அந்தச் சீட்ட நிறுத்திப்போடாதீங்க. இன்னொரு ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துருங்க.”

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார்.

ஹாரிகா கீழே இறங்கிப் போய் ரவிதேஜாவிடம் ஏழே முக்கால் என்றாள். அவனுக்கு முன்பே தெரியும். பாலுசாமி நேற்றுத்தான் கடைக்கு வந்து, சம்பந்தியின் பொடியைப் பற்றி அரைமணி நேரம் பேசி, அவனுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது மேசை மேல் இருந்தது. ரவிதேஜா அதைக் கண்ணால் காட்டினான். அவனிடம் அவள் வழக்கமாகத் தெலுங்கில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் ஹாரிகாவுக்குத் தமிழ்.

“எட்டுக்குக் கீழ எறங்குனா ரூம் எனக்குன்னுதானுங்க பேச்சு. ஆரு பேர்ல எறங்கோணும்னு பேச்சில்லீங்களே.”

ரவிதேஜா பொடி டப்பாவை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாடி ஏறினான். அவன் ஒவ்வொரு பம்பாகத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தபோது ஹாரிகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதினாள். பெயர் மதன்குமார், மத்தியானச் சோறு களத்தில், அம்மா கையால். காலம் என்ற இடத்தில் இரண்டு வருடம் என்று எழுதினாள். எழுதியதை அடித்துவிட்டு, மறு உத்தரவு வரும் வரை என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டாள்.